யெஸ் கேட்க ஃபீனிக்ஸ் போன கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் "ஃபீனிக்ஸ் போய்விட்டு வருகிறேன்" என்று சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஊருக்கு வடக்கே இருக்கிறது அந்த ஃபீனிக்ஸ். 1904இல் காந்தி பண்ணை அமைத்த இடம். 1976இலிருந்து இந்தியர்களுக்கென்று வரிசை வரிசையாக வீடு கட்டிய குடியிருப்பு. டாக்சி ஏறினால் போய்விடலாம். நான் போனது இன்னொரு ஃபீனிக்ஸ்: அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சொனோரா பாலைவனத்துக்கு நடுவே இருக்கும் பெருநகரம். கல்யாணத்துக்கும் இல்லை, பேறுகாலத்துக்கும் இல்லை. யெஸ் என்ற பழைய ராக் குழுவின் கச்சேரி கேட்கப் போனேன். திரும்பி வந்த நாளிலிருந்து கோயிலில், கல்யாண மண்டபத்தில், ஒரு சாவு வீட்டில்கூட இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

யெஸ் என்பது யார்?

1968இல் லண்டனில் பாடகர் ஜான் ஆண்டர்சனும் பேஸ் கிட்டார் வாசித்த கிறிஸ் ஸ்குவையரும் சேர்ந்து தொடங்கிய குழு. 1971இல் 'ஃப்ராஜைல்', 1972இல் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' என்ற இரண்டு ஆல்பங்களில் உலகம் முழுக்கத் தெரிந்தவர்களானார்கள். இரண்டாவது ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, 18 நிமிடத்துக்கு மேல். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' நாவலைப் படித்த பாதிப்பில் எழுதியது. அந்த ஆல்பத்தின் அட்டையில்தான் ஓவியர் ரோஜர் டீன் வரைந்த வளைந்து நெளிந்த 'யெஸ்' எழுத்து முதலில் வந்தது. பள்ளி நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் அதை நான் எத்தனை தடவை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை.

யெஸ் வாசிக்கும் ப்ராக் ராக் என்றால் என்ன?

'முற்போக்கு ராக்' என்று தமிழில் எழுதிப் பார்த்தேன். ஏதோ கட்சி மாநாடு மாதிரி இருந்தது. ப்ராக் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று நிமிடக் காதல் பாட்டு போதாது என்று நினைத்த ஆங்கிலேயப் பையன்கள், மேற்கத்திய செவ்விசை, ஜாஸ், தேவாலயச் சேர்ந்திசை எல்லாவற்றையும் ராக்கில் கொண்டுவந்து கொட்டினார்கள். தாளம் நாலுக்கு நாலு என்று நிற்காது. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 'மணி' என்ற பாட்டு ஏழில் போகிறது, ஜெத்ரோ டல் குழுவின் 'லிவிங் இன் தி பாஸ்ட்' ஐந்தில். மேற்கே அதைப் பெரிய வித்தை மாதிரி பேசுவார்கள். மிஸ்ர சாபுவும் கண்ட சாபுவும் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தொடையில் கை தானாகத் தட்டும், அவ்வளவுதான்.

சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கு இது எப்படிப் பிடித்தது?

இதற்குப் பொறுப்பு என் அண்ணன். எங்கள் அப்பா டர்பன் நகராட்சித் தொழிலாளி. நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் இருந்தோம். அறுபதுகளில் அங்கிருந்து எங்களை, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். மாலையில் கோயில் மண்டபத்தில் தமிழ்ப் பாடசாலை; இதை நான் தமிழில் எழுதுவது அந்தப் பெஞ்சியின் புண்ணியம். இரவில் ரேடியோ. தொலைக்காட்சி இந்த நாட்டுக்கு 1976இல்தான் வந்தது, அதனால் பக்கத்து மொசாம்பிக்கிலிருந்து ஒலிபரப்பான எல்.எம். ரேடியோதான் எங்களுக்கு வெளியுலகம். அண்ணன் முதல் சம்பளத்தில் கிரே ஸ்ட்ரீட்டில் ஒரு இசைத்தட்டு வாங்கிவந்தார். எம்.எஸ். சுப்புலட்சுமியாக இருக்கும் என்று அம்மா நினைத்தாள். ஊசி வைத்ததும் ஸ்குவையரின் பேஸ் இடித்தது. "யாருடா கதவைத் தட்டுவது?" என்றாள்.

நிறவெறி ஆட்சி நடந்த அந்தக் காலத்தில் இந்தக் குழுக்களை நேரில் பார்ப்பது எங்களுக்கு நினைத்துக்கூடப் பார்க்க முடியாத விஷயம். 1953ஆம் வருடச் சட்டப்படி வெள்ளையருக்கு ஒரு அரங்கம், நமக்கு ஒரு அரங்கம். 1964இல் பிரிட்டிஷ் பாடகி டஸ்டி ஸ்ப்ரிங்ஃபீல்ட் நிறம் பிரித்த கூட்டத்துக்குப் பாட மாட்டேன் என்றதால் நாட்டைவிட்டே அனுப்பினார்கள். பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கமே உறுப்பினர்களை இங்கே போக வேண்டாம் என்றது. 1980 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையும் கலாச்சாரப் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தது. அதே 1980இல்தான் பள்ளிப் புறக்கணிப்பில் மாணவர்கள் பாடினார்கள் என்று பிங்க் ஃப்ளாய்டின் 'அனதர் பிரிக் இன் தி வால்' இங்கே தடைசெய்யப்பட்டது. அந்தக் கலாச்சாரப் புறக்கணிப்பு சரிதான் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் சரியான காரியத்துக்கும் ஒரு விலை உண்டு. ஐம்பது வருடம் ஒரு குழுவை இசைத்தட்டில் மட்டுமே கேட்டேன்.

இங்கிருந்து போனவர்கள் வேறு கதை. டர்பனின் 'ஃப்ளேம்ஸ்' குழுவில் இருந்த ரிக்கி ஃபட்டாரும் ப்ளாண்டி சாப்ளினும் 1972இல் அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழுவிலேயே சேர்ந்தார்கள். நம் ஊர்ப் பையன்கள்! அண்ணன் அதை இன்றைக்கும் முந்தாநாள் நடந்தது போலச் சொல்வார்.

யெஸ்ஸில் ஒரு தென்னாப்பிரிக்கர் இருந்தாராமே?

ட்ரெவர் ரேபின். 1954இல் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவர். எழுபதுகளில் இங்கே 'ராபிட்' என்ற குழுவில் பெண்பிள்ளைகளை அலறவைத்தவர். 1978இல் லண்டன் போனார். 1983இல் யெஸ் மறுபடி எழுந்தபோது கிட்டார் அவர் கையில் இருந்தது. அவர் கொண்டுவந்த 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. யெஸ்ஸுக்கு அங்கே முதலிடம் வந்தது அந்த ஒரே தடவைதான். பழைய ரசிகர்கள் அந்தப் பாட்டைக் கொஞ்சம் மட்டமாகப் பேசுவார்கள். நான் பேச மாட்டேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை குழுவில் இருந்தார்.

அமெரிக்காவில் எத்தனையோ ஊர் இருக்க, ஏன் அந்தப் பாலைவனம்?

இரண்டு காரணம். ஒன்று, அண்ணன் மகள் அங்கே வேலை பார்க்கிறாள், தங்கச் செலவில்லை. இரண்டாவது, கிறிஸ் ஸ்குவையர் கடைசியில் வாழ்ந்த ஊர் அது. 2015 ஜூன் 27இல், 67 வயதில், ரத்தப் புற்றுநோயில் அவர் இறந்ததும் ஃபீனிக்ஸில்தான்.

தேவாலயத்தில் பாடிய லண்டன் பையன், இசைக்கருவிக் கடையில் வேலை பார்த்தபோது ஒரு ரிக்கன்பேக்கர் பேஸ் வாங்கினார். பேஸ் என்றால் பின்னால் நின்று 'தும் தும்' என்று தாங்க வேண்டும் என்பதுதான் அன்றைய வழக்கம். இவர் ஒலியை இரண்டாகப் பிரித்து, அடி ஒலியை ஒரு பெருக்கிக்கும் மேல் ஒலியை இன்னொன்றுக்கும் அனுப்பினார். கம்பி உறுமுவதும் கேட்கும், உரசுவதும் கேட்கும். தவில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் இல்லாமல் பக்கத்தில் நின்று பேசுவது போல. அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அவர் கண்மூடிய ஊரில் கேட்க வேண்டும் என்று ஒரு எண்ணம். காசிக்குப் போகிறவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லையே.

தொடங்கியவர்கள் ஒருவர்கூட இல்லாத குழுவைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அண்ணனேதான். "ஸ்குவையர் இல்லாத யெஸ், யெஸ் இல்லை. நீ போ தங்கச்சி, நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டார். மகள் டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றும் அசையவில்லை.

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 1968இலிருந்து 2015 வரை யெஸ்ஸின் எல்லாக் கச்சேரியிலும் இருந்தவர் ஸ்குவையர் ஒருவர்தான். ஆண்டர்சன் போனார், வந்தார், போனார். ட்ரம்ஸ் வாசித்த பில் ப்ரூஃபர்ட் 1972இலேயே கிங் கிரிம்சன் என்ற குழுவுக்குப் போய்விட்டார். அவருக்குப் பிறகு வந்த ஆலன் ஒயிட் 2022இல் இறந்தார். நடுவே 1989இல் பழைய யெஸ்காரர்கள் நாலு பேர் தங்கள் சொந்தப் பெயர்களையே குழுவின் பெயராக வைத்துத் தனியாக ஆல்பம் போட்டார்கள். கோயில் கமிட்டி இரண்டாக உடைந்து ஒரே தெருவில் இரண்டு கூழ் ஊற்றுவதைப் பார்த்த நமக்கு இதெல்லாம் புதிதா?

நான் பார்த்த மேடையில் இருந்தவர்கள்: 1970இல் சேர்ந்த கிட்டார்காரர் ஸ்டீவ் ஹவ், எழுபத்தைந்தைத் தாண்டியவர். கீபோர்டில் ஜெஃப் டவுன்ஸ், முதலில் வந்தது 1980இல். பேஸில் பில்லி ஷெர்வுட். பாட்டு ஜான் டேவிசன், 2012இலிருந்து. ட்ரம்ஸ் ஜே ஷெலன். ஆக, தொடங்கியவர் பூஜ்யம்.

சரி, நம் ஊர்த் தெருக்கூத்தை நினைத்துப் பாருங்கள். இங்கே ஆங்கிலத்தில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்கள். கரும்புத் தோட்டத்தில் ஆடத் தொடங்கிய முதல் அர்ஜுனன் செத்து நூறு வருடம் ஆகியிருக்கும். இன்று வேஷம் கட்டுகிறவனைப் பார்த்து "நீ அசல் அர்ஜுனன் இல்லை" என்று யாராவது எழுந்து போகிறார்களா? கிரீடம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, அடவு தப்பாமல் விழுகிறதா, விடியும்வரை குரல் நிற்கிறதா என்றுதான் பார்க்கிறோம்.

இதைச் சொன்னதும் அண்ணன் ஒரு மடக்கு மடக்கினார்: "கூத்தில் அப்பன் சொல்லிக்கொடுத்து மகன் ஆடுகிறான். இங்கே யாரோ ஒருவன் வந்து நிற்கிறான்." அது உண்மையில்லை என்பதுதான் என் பதில். ஷெர்வுட் பல வருடம் ஸ்குவையரோடு சேர்ந்து பாட்டு எழுதியவர், தொண்ணூறுகளின் கடைசியில் யெஸ்ஸிலேயே இருந்தவர். நோயில் விழுந்ததும் தன் இடத்தில் நிற்கச் சொல்லி அவரைக் கேட்டது ஸ்குவையரே. டேவிசன் முன்பு யெஸ் பாட்டுகளை மட்டுமே பாடும் ஒரு குழுவில் பாடியவர். அதாவது ரசிகனாக இருந்து வேஷம் கட்டியவர். கூத்தில் இதற்கு மேல் என்ன குருகுலம் வேண்டும்? 2015இல் ஸ்குவையர் இல்லாத முதல் சுற்றில், காலி மேடையில் அவருடைய பேஸை மட்டும் வைத்து அதன்மேல் விளக்கைப் போட்டு, அவர் எழுதிய பாட்டை ஒலிக்கவிட்டுத்தான் கச்சேரியைத் தொடங்கினார்கள். வாத்தியத்துக்குப் பூஜை போட்டுவிட்டு ஆரம்பிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

எப்படிப் போவது? விசா?

தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா கட்டாயம். நேர்காணல் உண்டு. நேர்காணல் தேதி கிடைப்பதுதான் பெரும்பாடு, அதனால் விசாவை முதலில் வாங்குங்கள், கச்சேரி டிக்கெட்டை அப்புறம். எந்தக் காரணத்துக்காகப் போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் என் நரைத்த கொண்டையைப் பார்த்தார்.

டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் ஒரு மணி நேரம். அங்கிருந்து அட்லாண்டாவுக்கு நேரே 16 மணி நேரம். பிறகு ஃபீனிக்ஸுக்கு இன்னும் நாலு மணி. முழங்கால் வலி உள்ளவர்கள் நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தது. அதனால்தான் கச்சேரிக்கு மருமகளின் ஜீன்ஸ். (அண்ணன் மகளை நான் மருமகள் என்றுதான் சொல்வேன், அவளுக்கு நான் அத்தை.) ஃபீனிக்ஸ் நம்மைவிட 9 மணி நேரம் பின்னால். அரிசோனாவின் பெரும்பகுதியில் கோடைகாலத்துக்கென்று கடிகாரத்தைத் தள்ளும் வழக்கம் இல்லை, அதனால் வருடம் முழுக்க அதே 9தான்.

எந்த மாதம் நல்லது?

நவம்பரிலிருந்து மார்ச் வரை. வேறு மாதம் போகவே போகாதீர்கள். 2023 கோடையில் அங்கே 31 நாள் தொடர்ச்சியாக வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியது. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை மழைக்காலம் என்று பெயர். சில சமயம் மழைக்கு முன்னால் சுவர் மாதிரி புழுதி எழும்பி ஊரையே மூடிவிடும்.

நான் நவம்பரில் போனேன். பகல் இதமாக இருந்தது, இரவு சால்வை இல்லாமல் முடியவில்லை. ஆனால் என்னைப் பாடுபடுத்தியது வறட்சி. டர்பனில் துணி காய ஒரு நாள் ஆகும். அங்கே புடவையை உதறுவதற்குள் காய்ந்துவிடுகிறது. வியர்ப்பதே தெரியாது, உடனே ஆவியாகிவிடும், அதனால் தாகம் தெரிவதற்குள் உடம்பு காய்ந்துபோகும். தண்ணீர் போத்தல் கையிலேயே இருக்கட்டும். உதட்டுக்கும் மூக்குக்குள்ளும் கொஞ்சம் தேங்காயெண்ணெய். மரத்தால் செய்த கிட்டாருக்கும் இதே கஷ்டம்தான். ஈரம் போனால் மரம் சுருங்கும், சுருதி நகரும். ஹவ் ஒவ்வொரு பாட்டுக்கும் வேறு கிட்டார் எடுத்தார். ஒன்றிரண்டு தாங்கியில் தயாராக நின்றன. வாசித்துக்கொண்டே ஓரெட்டு நகர்ந்து அதைத் தொடுவார். மேடையோரத்தில் ஒருவர் மற்ற கிட்டார்களுக்குச் சுருதி பார்த்தபடியே இருந்தார்.

உங்கள் வயதுக்கு அங்கே யார் வருகிறார்கள்?

என் வயதுக்காரர்கள்தான்! கைத்தடி, முழங்கால் பட்டை, 1970களின் பனியன். பனியன் அதே, வயிறுதான் வேறு. நான் ஒரு சின்னப் பெண் மாதிரி உணர்ந்தேன். பெரும்பாலும் ஆண்கள். இடைவேளையில் ஆண்கள் கழிப்பறைக்கு வாசல்வரை வரிசை, பெண்கள் பக்கம் ஆளே இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் சுகத்தை அனுபவித்தேன்.

எங்கே உட்கார வேண்டும்?

முன்வரிசை வேண்டாம். அரங்கத்தின் பின்பாதியில் ஒலிக்கலவை செய்கிறவர் பெரிய மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் கச்சேரியை அமைக்கிறார். அவருக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். முன்வரிசையைவிட விலையும் குறைவாக இருக்கலாம். ஃபீனிக்ஸில் செலிப்ரிட்டி தியேட்டர் என்று 1964இல் திறந்த வட்ட அரங்கம் ஒன்றும் உண்டு. நடுவில் மேடை, அது மெல்லச் சுற்றும். நான் போனது அது இல்லை. 1978இல் யெஸ்ஸும் இப்படிச் சுற்றும் மேடையை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்பதால் அங்கே கேட்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

சத்தம் தாங்குமா?

காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். 85 டெசிபெல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது வேலைத்தலப் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடம்தான். ராக் கச்சேரி சுலபமாக அந்த 100ஐத் தொடும். பஞ்சு வேலைக்கு ஆகாது. இசைக்கென்றே செய்த அடைப்பான் ஒலியைக் கெடுக்காமல் குறைக்கும். கோயிலில் தவிலுக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், யாரும் கேட்பதில்லை.

சாப்பாடு உள்ளே கொண்டுபோகலாமா?

முடியாது. உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையைத்தான் பல அரங்கங்களில் விடுகிறார்கள். என் கைப்பையைத் திறந்து பார்த்த காவலாளி முறுக்கு டப்பாவை வெடிகுண்டு மாதிரி தூக்கிப் பிடித்தார். காரில் வைத்துவிட்டு வர மருமகள் ஓட வேண்டியதாயிற்று.

சாஸ்திரங்களைப் பற்றி ஒரு ஆல்பம் போட்டார்களாமே, உண்மையா?

உண்மை. 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்', 1973. பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' படித்துக்கொண்டிருந்த ஆண்டர்சன் ஒரு அடிக்குறிப்பில் நின்றுவிட்டார். ஸ்ருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்ற நாலு வகையைச் சொல்லும் குறிப்பு. நாலு வகைக்கு நாலு பாட்டு, இரண்டு இசைத்தட்டின் நாலு பக்கம், மொத்தம் 80 நிமிடம். இது ஆழ்ந்த விஷயமா, அடிக்குறிப்பைப் படித்த உற்சாகமா என்று ஐம்பது வருடமாகச் சண்டை. பாடசாலையில் தேவாரம் மனப்பாடம் செய்த எனக்கு, சாஸ்திரம் இதில் உப்புக்குத்தான் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இசை உண்மையானது. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கேளுங்கள், நடுவில் நீளம்.

கீபோர்டுக்காரர் ரிக் வேக்மனுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. மான்செஸ்டர் கச்சேரியில் வாசிக்க வேலையில்லாத நேரத்தில் மேடையிலேயே கறியும் சோறும் பப்படமும் சாப்பிட்டார். அவரே இதைப் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். குழுவில் மற்றவர்கள் சைவத்துக்கு மாறியிருந்த காலம் வேறு. ஹவ் 1972இலிருந்து இன்றுவரை சைவம். சாஸ்திரத்துக்கு நடுவில் கறிக்குழம்பு மணம்! புரட்டாசி மாதத்தில் பக்கத்து வீட்டில் மீன் பொரிப்பது நினைவுக்கு வந்தது.

கச்சேரி எப்படி இருந்தது? உண்மையைச் சொல்லுங்கள்.

உண்மையைச் சொன்னால், மெதுவாக இருந்தது. பழைய பதிவுகளில் குதிரை மாதிரி பாயும் இடங்களில் இப்போது நடக்கிறார்கள். எழுபத்தைந்து வயதுக் கைவிரல் 25 வயதில் எழுதியதை வாசிக்க வேண்டுமே. முதல் பாட்டில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ட்ரம்ஸ்காரர் வேகத்தைப் பிடித்து நிறுத்துவது தெரிந்தது. அண்ணன் சொன்னது சரிதானோ என்று நினைத்தேன்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு காது அந்த நடைக்குப் பழகிவிட்டது. பழகியதும், இசைத்தட்டில் நான் ஒருநாளும் கவனிக்காத விஷயங்கள் கேட்கத் தொடங்கின. வேகத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த குரல்கள் தனித்தனியாகப் பிரிந்தன. மேலே டேவிசனின் குரல், அதற்குக் கீழே ஷெர்வுட் பாடும் இரண்டாம் குரல், அது ஸ்குவையர் பாடிய அதே வரி. விளம்ப காலத்தில் பாடும்போதுதான் ராகத்தின் எலும்பு தெரியும் என்பார் எங்கள் பாட்டு வாத்தியார். ஹவ் தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு மரக் கிட்டாரில் வாசித்த சில நிமிடம், இரண்டாயிரம் பேர் இருமக்கூட இல்லை. ஒரு இடத்தில் விரல் தவறியது. அவர் முகத்தைச் சுளித்து, அந்த அடியைத் திரும்ப வாசித்து, மேலே போனார். இசைத்தட்டு அதைச் செய்யாது.

'ரவுண்டபவுட்' என்ற பாட்டு கடைசியில் வந்தது. கைத்தடிக்காரர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பேஸ் இடித்தபோது என் காலடியில் தரை அதிர்ந்தது. அம்மா கதவு பக்கம் திரும்பிப் பார்த்த அதே இடி. மருமகள் என் கையைப் பிடித்து, "அத்தை, அழுகிறீர்களா?" என்றாள். வறட்சி, கண் எரிகிறது என்றேன்.

அங்கே வேறு என்ன பார்க்கலாம்?

முதலில் இசைக்கருவி அருங்காட்சியகம். 2010இல் திறந்தார்கள். ஏறத்தாழ 200 நாடுகளின் வாத்தியங்கள் இருக்கின்றன. கழுத்தில் ஒரு கருவியும் காதில் ஒலிப்பானும் மாட்டிவிடுவார்கள். எந்த வாத்தியத்துக்கு முன்னால் போய் நிற்கிறீர்களோ அதன் இசை தானாகக் கேட்கும். ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். நான் அரை நாள் ஒதுக்கிவிட்டு இன்னும் வருந்துகிறேன்.

பாப்பகோ பூங்காவில் சிவந்த பாறைக் குன்றும் அதில் பெரிய ஓட்டையும் உண்டு. சாயங்கால வெளிச்சத்தில் அங்கே நின்றால் ரோஜர் டீனின் அட்டைப்படத்துக்குள் வந்துவிட்டோமோ என்று இருக்கும். சகுவாரோ கள்ளிகள் மனிதர்கள் கை தூக்கி நிற்பது போல நிற்கின்றன. பக்கக் கை ஒன்று முளைக்கவே 50, 70 வருடம் ஆகுமாம். நகரத்துக்குத் தெற்கே மாரிகோப்பாவில் மகா கணபதி கோயில் இருக்கிறது. சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் சுற்றிலும் பொட்டல். ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் நம் டர்பன் 'பனி சாவ்' கிடைக்காது, கேட்காதீர்கள். ஆனால் அங்கே மெக்சிகோக்காரர்கள் போடும் பெரிய மெல்லிய கோதுமை ரொட்டி நம் ரொட்டிக்கு அக்கா மாதிரி; உள்ளே அவரைக்கொட்டையும் மிளகாயும் வைத்துச் சுருட்டித் தருவார்கள்.

மொத்தம் எவ்வளவு செலவு?

நான் போன சமயம் ஒரு டாலர் நம் பணத்தில் 18 ராண்ட். இதற்கு மேல் சொல்ல மாட்டேன், என் வீட்டுக்காரர் இதைப் படிப்பார்.

அண்ணன் இப்போது என்ன சொல்கிறார்?

திரும்பி வந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். எதுவும் கேட்க மாட்டேன் என்று முடிவோடு உட்கார்ந்திருந்தார். அண்ணி டீ கொண்டுவந்தாள். சோஜி சாப்பிட்டோம். பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். வாங்கிவந்த பனியனை எடுத்துக் கொடுத்தேன். மடித்தபடியே ஓரமாக வைத்தார். நான் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னால் வந்து நின்றார்.

"பேஸ் எப்படி?"

"தரை அதிர்ந்தது" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அடுத்த வருடம் எந்த ஊரில் வாசிக்கிறார்களாம்?" என்றார்.